புதிய பொதுப் போக்குவரத்துச் சேவைக்கு எத்தனை பயணிகள் வருவார்கள்? முன்கணிக்கும் முறை

புதிய பேருந்துத் தடத்துக்கோ ரயில் பாதைக்கோ எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிடத் தொடங்கும் முன், எதை எண்ணப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பேருந்தில் வந்து ரயிலுக்கு மாறி அலுவலகம் செல்பவர் செய்வது ஒரே பயணம். ஆனால் அவர் இரண்டு முறை வண்டி ஏறுகிறார். பயணங்களையும் ஏறுதல்களையும் கலந்துவிட்டால், அதன் பின் செய்யும் கணக்கு முழுவதும் ஊதிப்போகும்.

அடுத்து, அந்தத் தடம் கடக்கும் பகுதிகளில் இப்போது யார், எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில், எதில் செல்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்ட வேண்டும். டிக்கெட் பதிவுகள் எளிதில் கிடைக்கும் என்றாலும், ஏற்கெனவே பொதுப் போக்குவரத்தில் செல்வோரை மட்டுமே அவை காட்டும்; இரு சக்கர வாகனத்தில் செல்வோரையும், வசதியான வண்டி இல்லாததால் பயணத்தையே தவிர்ப்போரையும் அறிய, வீடுவீடாகக் கணக்கெடுப்பதே நம்பகமான வழி. ஏற்கெனவே ஓடும் தடத்தில் வண்டிகளைக் கூட்டுவது போன்ற சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு தேவையில்லை. அதே தன்மையுள்ள தடங்களில் முன்பு வண்டிகளைக் கூட்டியபோது பயணிகள் எந்த விகிதத்தில் பெருகினார்கள் என்று பார்த்தாலே போதும்.

கணிப்பின் உயிர்நாடி, மக்கள் ஏன் மாறுவார்கள் என்ற கேள்வியில் இருக்கிறது. வண்டியின் வேகத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரை ஆகும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். நடக்கும் நிமிடமும் காத்திருக்கும் நிமிடமும் வண்டிக்குள் கழியும் நிமிடத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சுமையாகத் தோன்றுவதால், அவற்றை இரண்டால் பெருக்குவது வழக்கம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் பழைய பேருந்துக்கு 5 நிமிடம் நடந்து, சராசரியாக 10 நிமிடம் காத்திருந்து, 25 நிமிடம் பயணம் செய்தால், சுமை 10, 20, 25 எனக் கூடி 55 ஆகிறது. 6 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் புதிய ரயிலுக்கு 8 நிமிடம் நடந்து, 3 நிமிடம் காத்திருந்து, 18 நிமிடம் பயணம் செய்தால் சுமை 40 மட்டுமே. ஆனால் வழியில் ஒரு முறை இறங்கி மாற வேண்டியிருந்து, அதன் தொல்லைக்கு 10 நிமிடம் சேர்த்தால், 15 நிமிட ஆதாயம் 5 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டையும் கட்டணத்தையும் ஒருவர் ஒரு வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவைக் கணக்கிடும் லாஜிட் சமன்பாட்டில் இட்டு, வருமானம், பயண நோக்கம் ஆகியவற்றின்படி பிரித்த ஒவ்வொரு பிரிவினரிலும் எத்தனை விழுக்காட்டினர் மாறுவார்கள் என்று காணலாம்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1972இல் ஓடத் தொடங்கிய பார்ட் ரயிலுக்கு இந்தக் கணிப்பு முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பயணங்களில் 15 விழுக்காடு ரயிலுக்கு வரும் என்று அதிகாரப்பூர்வக் கணிப்பு கூறியது. பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனின் குழு 6.3 என்றது, நடந்தது 6.2. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று அவரே கூறியிருக்கிறார். நிலையத்துக்கு நடந்துவர மக்கள் காட்டும் விருப்பத்தை அவர் குழுவும் மிகையாகவே மதிப்பிட்டிருந்தது.

மிகை மதிப்பீடு இத்துறையின் தீராத நோய். பெருந்திட்டங்களை ஆராயும் டென்மார்க் அறிஞர் ஃப்ளூவியர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் திட்டங்களுக்கு உண்மையில் வந்த பயணிகள் கணிப்பில் சராசரியாகப் பாதி அளவே இருந்தனர். இணைப்புப் பேருந்துகள் ஓடும், குடியிருப்புகள் குறித்த காலத்தில் எழும், வண்டிகள் அறிவித்த இடைவெளியில் வரும் என்ற நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் எண்ணை உயர்த்துகின்றன. எனவே கிடைத்த எண்ணை, ஏற்கெனவே திறக்கப்பட்டு ஓடும் அதே வகைச் சேவைகளின் அனுபவத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒற்றை எண்ணைத் தராமல், குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, அதிகபட்சம் என மூன்றாகத் தருவதே நேர்மை. புதிய சேவைக்கு மக்கள் பழகச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதால், முதலாண்டு எண்ணிக்கையைத் தனியே காட்டுங்கள். எந்த அனுமானத்தின் பேரில் எந்த எண் வந்தது என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவையுங்கள். சேவை தொடங்கியபின் கணிப்பு எங்கே பிசகியது என்று கண்டறிய அந்தப் பட்டியல்தான் உதவும்.