ஏற்காட்டில் பறவை பார்க்க: நாலு பேருக்கு ஒரு பைனாகுலர்

போன பங்குனியில் நாங்கள் நாலு பேர் போனோம், கையில் ஒரே ஒரு பைனாகுலர். சில்வர் ஓக் கிளையில் அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று வெள்ளை ரிப்பன் மாதிரி வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. மற்ற மூவரும் பார்த்துவிட்டார்கள். எனக்கு வெறும் இலைக் கலங்கல்தான். அது ஏன் என்று புரிந்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து காலை ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது வெளிச்சம் வந்திருக்கும். ஒன்பதுக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும், சுற்றுலா வண்டிகள் வந்துவிடும். காபித் தோட்டத்துக்குள் வாட்ச்மேனைக் கேட்காமல் நுழையாதீர்கள். காட்டெருமை வேறு நிற்கும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8×42 போதும்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். 10×50 தான் உசத்தி என்பார்கள். கனம், கை ஆடினால் பறவையும் சேர்ந்து ஆடும்.

அடுத்ததுதான் நான் மாட்டிக்கொண்ட இடம். இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்காது. அதைச் சரிக்கட்ட, பெரும்பாலும் வலது கண் குழாயில் ஒரு வளையம் இருக்கும். டயாப்டர் என்பார்கள். முன்பக்கத்து வலது லென்சை உள்ளங்கையால் மூடுங்கள். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடக்கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது லென்சை மூடி, அதே பலகையை வலக்கண்ணால் பார்த்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். சக்கரத்தைத் தொடவே கூடாது. நான் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் அதைத்தான் திருப்பினேன். இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். நாங்கள் வளையத்தில் நாலு நிற நெயில் பாலிஷில் ஆளுக்கொரு புள்ளி வைத்துக்கொண்டோம். கை மாறும்போது அவரவர் புள்ளிக்குத் திருப்பினால் சரி.

பறவை கண்ணில் பட்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வை அங்கேயே இருக்கட்டும், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பழகுவதற்கு, 'குட்ரூ குட்ரூ' என்று விடாமல் கத்தும் சின்னக் குக்குறுவானைத் தேடிப் பாருங்கள். பச்சை உடம்பு இலையோடு கலந்துவிடும்; கன்னத்து வெள்ளைதான் காட்டிக்கொடுக்கும்.

குரலை அடையாளம் சொல்ல மெர்லின் செயலி நல்லது. பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஆனால் போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது எனக்குப் பிடிக்காது. கூடு கட்டும் காலம். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று பதறிப்போகும்.

பின்சேர்க்கை: கண்ணாடி போட்ட சிலர், 'ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது' என்று எழுதியிருந்தார்கள். கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்குங்கள். பழைய மாடலில் மடித்துவிட வேண்டும். அப்புறம் டயாப்டர் வேலையைக் கண்ணாடியோடே மறுபடி செய்யுங்கள். நெயில் பாலிஷ் புள்ளியும் இடம் மாறும்.