ஈறு அரிப்பு: எனக்கு எதில் சரியானது

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஈறு அரிப்பு அப்படியில்லை. சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் விடாது. எனக்குக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் தொல்லை. பல் துலக்கும்போது லேசாக இரத்தமும் வந்தது.

பல் மருத்துவர் பார்த்துவிட்டுப் பற்காரை என்றார். பல்லில் படியும் கிருமிப் படலத்தை அன்றாடம் எடுக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். அப்புறம் பிரஷ்ஷால் அசைக்க முடியாது. நாக்குக்குக் கீழே உமிழ்நீர் வந்து சேரும் இடம் என்பதால் கீழ்ப்பற்களின் பின்புறம் சீக்கிரம் படியுமாம். ஸ்கேலிங் செய்து, அதாவது கருவியால் சுரண்டி, அதை எடுத்தார். பல் தேய்ந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள், தேயாது. சில நாள் கூசும், அவ்வளவுதான்.

இரத்தம் நின்றது. ஆனால் அரிப்பு முழுதாகப் போகவில்லை. இரண்டாவது காரணம் பற்பசை. லவங்கப்பட்டை வாசனை சேர்த்த பேஸ்ட் சிலருக்கு ஈறில் ஒவ்வாமை தரும். அதை நிறுத்திவிட்டு, வாசனை குறைந்த, நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டுக்கு மாறினேன். அதன்பிறகுதான் நிம்மதி.

இப்போது மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்துத் துலக்குகிறேன், இரவில் ஃப்ளாஸ் என்ற மெல்லிய நூலால் பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்கிறேன். வெதுவெதுப்பான உப்புநீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், காரையைக் கரைக்காது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை விழும். அரிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது வேறு கதை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.