ராத்திரி 2 மணி தூக்கத்தை 11 மணிக்கு கொண்டு வர்றது எப்படி? வெளிச்சத்தை வெச்சே செய்யலாம்

படுத்தா தூக்கமே வரல, 2 மணி 3 மணி ஆயிடுது, காலைல 10 மணிக்குத்தான் கண்ணு தொறக்குதுன்னு சொன்னா வீட்ல உடனே "அந்த போனை தூக்கி வை"ன்னுதான் சொல்லுவாங்க. போனுக்கும் இதுல பங்கு இருக்கு, ஆனா அது சின்ன பங்கு. பெரிய பங்கு காலைல கண்ணுல என்ன வெளிச்சம் எத்தனை மணிக்கு படுதுங்கறதுல இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல.

முதல்ல கண்ணை பத்தி கொஞ்சம். ராட், கோன்னு ரெண்டு வகை செல்கள் ஸ்கூல்ல படிச்சிருப்போம். அது போக ரெட்டினாவோட, அதாவது விழித்திரையோட உள்பக்க அடுக்குல, மூளைக்கு சேதி அனுப்பற கேங்லியான் செல்கள்ல கொஞ்சூண்டுல மெலனாப்சின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. 1998ல இக்னாசியோ ப்ரொவென்சியோ குழு இதை முதல்ல பாத்தது தவளையோட தோல்ல! அப்புறம் 2002ல டேவிட் பெர்சன், சாமர் ஹத்தார் இவங்கல்லாம் சேர்ந்துதான் இந்த செல்கள் ராட் கோன் தயவே இல்லாம தானாவே வெளிச்சத்தை உணருதுன்னு காட்டுனாங்க. இதுங்களோட முக்கிய வேலை எதையும் உருவமா பாக்கறது இல்ல, வெளிச்சம் எவ்வளவு, எவ்வளவு நேரமா இருக்குன்னு அளந்து மூளைல ஹைப்போதலாமஸ்ங்கற பகுதில இருக்கற, தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தற உடம்பு கடிகாரத்துக்கு சொல்றது. ஏறக்குறைய 20,000 நியூரான், அவ்வளவுதான் அந்த கடிகாரம். மெலனாப்சின் ரொம்ப நல்லா பிடிக்கறது 480 நானோமீட்டர் பக்கம் இருக்கற நீல வெளிச்சத்தை, அதாவது பகல் வானத்துல கொட்டிக்கிடக்கற வெளிச்சம். பார்வை சுத்தமா போனவங்கள்லயே சிலருக்கு, கண்ணுல வெளிச்சம் பட்டா மெலடோனின், அதாவது ராத்திரில சுரக்கற ஹார்மோன், சுரக்கறது குறையுதுன்னு 1995லயே சார்ல்ஸ் சைஸ்லர் குழு காட்டியிருக்காங்க.

இந்த கடிகாரம் சரியா 24 மணி நேரத்துல ஓடாது, நிறைய பேருக்கு ஒரு 10 நிமிஷம் போல கூடுதலா ஓடும். வெளிச்சம் தினமும் திருத்தலைன்னா கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளிட்டே போகும். நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெளியில மணி என்னன்னே தெரியாத அறைல ஆளுங்களை தங்க வெச்சு இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணாரு, குகை வௌவால்களை வெச்சும் பண்ணாரு. அவர் பேரை இன்னும் நிறைய பேர் தெரிஞ்சிக்கணும்.

இப்ப வேலைக்கு வருவோம். அலாரம் இல்லாம, லீவு நாள்ல, நீங்க தானா எத்தனை மணிக்கு எந்திரிக்கறீங்கன்னு ரெண்டு மூணு நாள் எழுதி வைங்க. 10 மணின்னு வைங்களேன். அதுக்கு சுமாரா 2 மணி நேரம் முன்னாடி, அதாவது 8 மணி வாக்குல உடம்பு சூடு ரொம்ப கீழ இருக்கும். இந்த இடத்துலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. அந்த நேரத்துக்கு அப்புறம் கண்ணுல படற வெளிச்சம் கடிகாரத்தை முன்னாடி இழுக்கும், அதாவது தூக்கம் சீக்கிரம் வரும்; அதுக்கு முன்னாடி பட்டா பின்னாடி தள்ளும், தூக்கம் லேட் ஆகும். 10 மணி ஆளு நாளைல இருந்து திருந்திடறேன்னு 5 மணிக்கு எந்திரிச்சு பளிச்னு லைட்டு போட்டு உக்காந்தா உடம்பு அதை நேத்து ராத்திரியோட நீட்சின்னு எடுத்துக்கும், தூக்கம் இன்னும் லேட் ஆகும், நாலே நாள்ல வெறுத்துப்போய் விட்டுருவாங்க. அதனால முதல் நாள் 9:30, ரெண்டு நாள் கழிச்சு 9, அப்புறம் 8:30ன்னு அரை அரை மணி நேரமா இறக்குங்க. எந்திரிச்ச உடனே வெளில போங்க.

வெளிலன்னா நிஜமாவே வெளில. போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு (வெளிச்சத்தை லக்ஸ்ங்கற அளவுல காட்டும்) போட்டு நீங்களே பாருங்க, துல்லியமா காட்டாது, ஆனா வித்தியாசம் பளிச்னு தெரியும். டியூப்லைட் எரியற ஹால்ல 100, 200ன்னு நிக்கும், ஜன்னல்ல இருந்து நாலடி உள்ள தள்ளி வந்தாலே சர்ருன்னு இறங்கும், அதே போனை மொட்டை மாடிக்கு கொண்டு போனா மேகமா இருந்தாலும் ஆயிரக்கணக்குல காட்டும், 10,000 கூட சாதாரணமா வரும். நம்ம கண்ணு பழகிடறதால ஹாலும் வெளிச்சமாத்தான் இருக்குன்னு தோணுது, மெலனாப்சின் அப்படி ஏமாறாது. அரை மணி நேரம் நடங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க, காபியை அங்கயே குடிங்க. கூலிங் கிளாஸ் வேணாம், பவர் கண்ணாடி பரவால்ல. சூரியனை நேரா பாக்கவே கூடாது, தேவையும் இல்ல.

சாயங்காலம் இதுக்கு நேர் எதிர். படுக்கறதுக்கு 3 மணி நேரம் முன்னாடியே வெள்ளை டியூப்லைட்டை அணைச்சிட்டு ஓரமா ஒரு வார்ம் வொயிட் பல்பு மட்டும் போடுங்க, தூங்கறப்ப முழு இருட்டு, ஜீரோ வாட்ஸ் பல்பு கூட வேணாம். போன் பாத்தே ஆகணும்னா பிரைட்னஸை நல்லா குறைச்சிட்டு பாருங்க. கண்ணாடி கடைல தர்ற ப்ளூ கட் லென்ஸ் நீலத்தை கொஞ்சம்தான் தடுக்கும், அதை நம்பி காசு போடாதீங்க. மெலடோனின் மாத்திரையை டாக்டர் சொல்லாம போடாதீங்க. பைபோலார் பிரச்சினை இருக்கறவங்க, ரெட்டினாவுல நோய் இருக்கறவங்க இந்த வெளிச்ச வைத்தியத்தையே டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும், பைபோலார்ல இது மூடை ரொம்ப ஏத்தி விட்டுரும்.

நிரந்தரமா நைட் ஷிப்ட் பாக்கறவங்களுக்கு கணக்கு மாறும். வேலை நேரத்துல முதல் பாதி நல்ல வெளிச்சம், பகல்ல வீட்டுக்கு வந்து தூங்கற ரூம்ல கனமான ஸ்கிரீன். வண்டி ஓட்டாம பஸ்லயோ கேப்லயோ வர்றவங்க மட்டும் காலைல கூலிங் கிளாஸ் போட்டுக்கங்க, தூக்க கலக்கத்துல கருப்பு கண்ணாடியோட வண்டி ஓட்டறது ஆபத்து.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு 11 மணி வரைக்கும் தூங்கிட்டா வாரம் பூரா இறக்குனது திரும்ப ஏறிக்கும். வழக்கத்தை விட ஒரு மணி நேரத்துக்கு மேல போகாதீங்க, அசதியா இருந்தா மதியம் 3 மணிக்குள்ள ஒரு 20 நிமிஷம் படுத்து எந்திரிங்க.