மீண்டும் படிக்கச் சேரும் பெரியவர்கள் கட்டணத்தை எப்போது, எங்கே, எப்படிக் கட்டுவது

41 வயதில் நான் தொலைநிலைக் கல்வியில் முதுகலைக்குச் சேர்ந்தபோது, முதல் ஆண்டுக் கட்டணத்தைச் சிரமமில்லாமல் கட்டிவிட்டேன். இரண்டாம் ஆண்டுக் கட்டணமோ, மகளின் பள்ளிக் கட்டணமும் மகனின் வேன் கட்டணமும் சீருடையும் நோட்டுப் புத்தகங்களும் வரிசை கட்டி நின்ற அதே ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தது. தொகை சில ஆயிரங்கள்தான். ஆனால் அந்த வாரத்தில் அந்தச் சில ஆயிரங்களுக்காக ஒரு வளையல் வங்கிக்குப் போயிற்று. குடும்பத்தோடு இருந்து படிப்பவருக்குக் கட்டணத்தின் அளவைக் காட்டிலும் அது வரும் மாதமே பெரிய சிக்கல் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ஆகவே சேரும் பருவத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் மாணவர்களைச் சேர்க்கிறது. 2002இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு பருவங்கள் உண்டு. ஜனவரியில் சேர்ந்தால், அடுத்த ஆண்டுக்கான மறுபதிவும் ஆண்டு முடிவை ஒட்டியே வரும். அந்த நேரத்தில் பள்ளி திறப்புச் செலவு இருக்காது. தீபாவளி போனஸ் கிடைக்கும் வேலையில் இருப்பவர் அதிலிருந்தே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடலாம்.

அடுத்து, முழுப் படிப்புக்கும் ஆகும் செலவை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பதிவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் என்று தகவல் கையேட்டின் முன்பகுதியில் தெரிவதோடு கணக்கு முடிவதில்லை. தேர்வுக் கட்டணம் தாளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்கப்படும். இக்னோவில் அண்மை ஆண்டுகளில் எழுத்துத் தேர்வுக்குத் தாள் ஒன்றுக்கு 200 ரூபாய் என்ற அளவில் இருந்து வருகிறது. ஆண்டுக்கு எட்டுத் தாள்கள் என்றால் அதுவே 1,600 ரூபாய். அரியர் விழுந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். செய்முறை வகுப்பு, தாமதக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் பேருந்துச் செலவு, அந்த நாளின் சம்பளப் பிடித்தம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் பெரியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நேரமில்லாதவரைத் தேடித்தான் இடைத்தரகர் வருவார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில் இயங்கிய சேர்க்கை மையம் ஒன்றில், நான்கைந்து பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே எனக்கும் ஒரு ரசீது எழுத வந்தார்கள். ரசீதின் தலைப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் தொலைநிலைப் படிப்புகளை முகவர் வழியாக நடத்தத் தடை விதிக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் தத்தம் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்புக்கு மையம் நடத்தவும் முடியாது. இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லை இல்லை. நீங்கள் சேரும் படிப்புக்கு அந்தக் கல்வியாண்டில் அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குரிய இணையதளத்தில் பார்த்துவிட்டு, பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். 2024 முதல் இத்தகைய படிப்புகளில் சேர அந்தத் தளத்தில் உருவாக்கப்படும் டெப் ஐடி என்ற அடையாள எண்ணும் தேவை. அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பிரௌசிங் சென்டரில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் அங்கிருப்பவர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தம்முடைய கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பதிந்துவிடும் வழக்கம் உண்டு. அடுத்த ஆண்டு கட்டணம் கட்டப் போகும்போது ஓடிபி அவருக்குப் போகும்; கடையை மூடிவிட்டு அவர் எங்கே போனார் என்று நாம் தேடிக்கொண்டிருப்போம். உங்கள் எண்ணைச் சொல்லி, திரையில் அதையே அடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடைசி நாளன்று கட்டாதீர்கள். கணக்கிலிருந்து பணம் போயும், ரசீது வராமல் திரை உறைந்துபோவது அன்றைக்குத்தான் நடக்கும். அப்படி நடந்தால் பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை கட்டாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்தில் நிலையைப் பாருங்கள். யுபிஐ வழியாகவோ, கார்டு மூலம் இணையத்திலோ செலுத்திய பணம் பெறுபவருக்கு உறுதியாகாவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அது திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. ஐந்து நாள் காத்திருக்கும் வசதி, முன்கூட்டியே கட்டியவருக்குத்தான் இருக்கும்.

முழுநேர வகுப்பில் சேருபவர்கள் மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. படிக்கப்போகும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்பணமாகக் கேட்கலாம் என்றும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். தள்ளிப்போகப் போக அந்த விகிதம் குறையும். கடைசி நாள் கழிந்து 30 நாட்களுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் வராது. வேலையில் இடமாற்றம் வரும் என்று சந்தேகம் உள்ளவர்கள் இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைப்பது உதவும்.

கடன் என்று வரும்போது, சில ஆயிரம் ரூபாய் தொலைநிலைக் கட்டணத்துக்காக வங்கிக் கல்விக் கடனைத் தேடி அலைவது வீண் வேலை. வங்கிகள் பெரும்பாலும் முழுநேர வகுப்புகளையே விரும்புகின்றன. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கப்போகிறவர் கேட்டுப் பார்க்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி நான்கு லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு நாம் போட வேண்டிய பங்கு எதுவும் இல்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், வீட்டில் இன்னொருவருக்குச் சம்பளம் இருந்தால் வட்டியையாவது மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது. வயது வரம்பு உண்டா என்பதையும், ஏற்கெனவே உள்ள வீட்டுக் கடன் இதைப் பாதிக்குமா என்பதையும் விண்ணப்பம் கொடுக்கும் முன்பே மேலாளரிடம் கேளுங்கள்.

இணையவழிப் பயிற்சி நிறுவனங்கள் "வட்டியில்லாத் தவணை" என்று சொல்வதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். படிப்பை நீங்கள் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது, கட்டத் தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில் தெரியும். சட்டப்படி ஏற்கப்பட்ட பட்டத்துக்கான கல்லூரிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் உண்டு. பட்டப்படிப்பு என்று சொல்லி ஜிஎஸ்டியுடன் ரசீது தந்தால், எதற்காகப் பணம் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

வருமான வரியில் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பழைய வரி முறையில் 80சி என்று பழகிய பிரிவின் கீழ் வரிக் கழிவுக்காகக் கல்விக் கட்டணத்தைக் காட்டுவது பிள்ளைகளுக்கு, அதுவும் இருவருக்கு மட்டும்தான். தாம் படிக்கக் கட்டிய தொகையை அதில் சேர்க்க முடியாது. ஆனால் உயர்கல்விக்காக வங்கியில் வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியைத் தம் படிப்புக்கும் காட்டலாம். 80இ என்று பழகிய அந்தச் சலுகை எட்டு ஆண்டுகள் வரை நீளும். அசலுக்கு அது பொருந்தாது.

ஓர் ஆண்டு பணம் திரளவில்லை என்றால் படிப்பையே விட்டுவிட வேண்டியதில்லை. இக்னோவில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகளும், இரண்டாண்டு முதுகலைக்கு நான்கு ஆண்டுகளும் அவகாசம் உண்டு. ஒரு பருவம் விட்டு அடுத்ததில் மறுபதிவு செய்யலாம். நான்கூட நான்கு அரியரோடு மூன்றாம் ஆண்டில்தான் முடித்தேன். எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் வைத்திருந்ததால், பட்டமளிப்புக் கட்டணம் கேட்டபோது, முன்பு எதுவும் பாக்கியில்லை என்பதை அரைமணி நேரத்தில் காட்ட முடிந்தது.