சிஸ்கோ 2960 ஸ்விட்ச்ல வாய்ஸுக்கு க்யூஓஎஸ் போடுறது எப்படி

க்யூஓஎஸ்னா எந்த ட்ராஃபிக்கை முதல்ல அனுப்பணும்னு ஸ்விட்ச்சுக்கு சொல்றது. இது பழைய கேட்டலிஸ்ட் 2960, 3750 வச்சிருக்கவங்களுக்கு. 9000 சீரிஸ்ல கதையே வேற.

முதல்ல குளோபல் மோட்ல (ஸ்விட்ச் முழுசுக்கும் பொருந்துற கான்ஃபிக்) 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' கமாண்டை போடுங்க. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, ஏன்னா இதை ஆன் பண்ண உடனே ஸ்விட்ச் எந்த போர்ட்டையும் நம்பாது, ஃபோன் டிஎஸ்சிபி (பாக்கெட்டோட ஐபி ஹெடர்ல இருக்குற முன்னுரிமை எண்) 46 போட்டு அனுப்புன பாக்கெட்டைக்கூட 0ன்னு மாத்தி விட்டுடும், அதாவது க்யூஓஎஸ் போட்ட புண்ணியத்துல வாய்ஸ் இன்னும் மோசமாகும். ஆபீஸ் நேரத்துல தொடாதீங்க.

ஃபோன் இருக்குற போர்ட்ல 'எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் காஸ்' (காஸ்னா ஈதர்நெட் டேக்ல வர்ற முன்னுரிமை எண்), கூடவே 'எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் டிவைஸ் சிஸ்கோ-ஃபோன்', அப்பதான் யாராவது ஃபோனைக் கழட்டிட்டு லேப்டாப்பை சொருகுனா அதோட மார்க்கிங்கை நம்பாது, ஆனா சிடிபி (பக்கத்துல இருக்குறது சிஸ்கோ ஃபோன்தானான்னு கண்டுபிடிக்கிற ப்ரோட்டோகால்) ஓடிட்டு இருக்கணும். அப்லிங்க்ல (அடுத்த ஸ்விட்ச்சுக்கோ ரௌட்டருக்கோ போற போர்ட்) 'எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் டிஎஸ்சிபி' போதும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். டீஃபால்ட்டா காஸ் 5ஐ டிஎஸ்சிபி 40ன்னுதான் மாத்தும், வாய்ஸுக்கு வேண்டியது 46 (ஏன் இப்படி வச்சாங்கன்னு கேக்காதீங்க). அதனால 'எம்எல்எஸ் க்யூஓஎஸ் மேப் காஸ்-டிஎஸ்சிபி 0 8 16 24 32 46 48 56'.

அப்புறம் ஃபோன் போர்ட், அப்லிங்க் ரெண்டுலயும் 'ப்ரையாரிட்டி-க்யூ அவுட்', முதல் க்யூ (பாக்கெட் வெளிய போக காத்திருக்குற வரிசை) காலியாகுற வரைக்கும் மத்த க்யூ காத்திருக்கும், வாய்ஸ் டீஃபால்ட்டாவே அதுலதான் விழும்.

கடைசியா 'ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பாருங்க. க்யூஓஎஸ் ஆன் பண்ணா பஃபரை (பாக்கெட் தற்காலிகமா தங்குற மெமரி) 4 க்யூவுக்கும் 25 சதவீதமா பிரிச்சிடும், அதனால சாதா டேட்டால ட்ராப் ஏறுனா 'க்யூ-செட்'ல பஃபரை மாத்தணும்.