பாகு பதம் வரும்வரை: படம் தேடத் தொடங்குகிறவர்களுக்கு

கவுந்தப்பாடியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். படம் எடுக்க எனக்குக் கிடைப்பது விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். கேமரா வாங்கிய முதல் வருடம் அந்த நேரத்தையெல்லாம் ஊர் சுற்றியே தீர்த்தேன். கொடிவேரி அணை, பவானி கூடுதுறை, சித்திரையில் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தை.

கண்ணபுரத்தில் ஒரே பகலில் 400 படங்கள் எடுத்தேன். திமிலும் கொம்பும் அழகாகவே விழுந்திருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தபோது, அங்கே கேமராவோடு நின்ற எவரும் அதே படங்களை எடுத்திருப்பார்கள் என்று தெரிந்தது. வியாபாரிகள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசியது என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. இரண்டு வருடம் வளர்த்த காளையின் கயிற்றைக் கைமாற்றிவிட்டுப் போன ஒருவரின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. படம்தான் இல்லை.

ஆகவே முதலில் சொல்வது இது: வண்டியில் பத்து நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பத்து முறையாவது போக வேண்டும். சென்னிமலையில் இருந்தால் தறிக்கூடம், காங்கேயத்தில் இருந்தால் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களம், ஈரோட்டில் இருந்தால் மஞ்சள் மண்டி. எனக்கு அது கரும்பாலை, கரும்புச் சாற்றைக் காய்ச்சி நாட்டுச் சர்க்கரை எடுக்கும் கொட்டகை. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். எங்கள் பக்கத்து நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது என்று ஊரே பெருமையாகச் சொல்லும். ஆனாலும் ஆலைக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

முதல் இரண்டு முறை கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். உட்கார்ந்து வேலையின் வரிசையை ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் எழுதியது இப்படி: கரும்பு ஆட்டுகிறார்கள், சாறு கொப்பரைக்கு வருகிறது, காய்ந்த சக்கையை அடுப்பில் தள்ளுகிறார்கள், சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு மேலே திரள்கிறது, அதை வழித்தெடுக்கிறார்கள், சாறு சுண்டிப் பாகாகிறது, பதம் பார்க்கிறார்கள், தொட்டியில் ஊற்றித் துடுப்பால் கிளறுகிறார்கள், ஆற ஆறத் தேய்த்துச் சர்க்கரையாக்குகிறார்கள். இந்த வரிசை மனத்தில் இருந்தால் அடுத்தது என்ன என்று தெரியும். நடக்கப்போகும் இடத்தில் முன்னதாகவே நிற்கலாம்.

ஆலைக்குள் போகிறவர்களுக்குச் சில செய்திகள். மார்கழிப் பனியில் கொண்டுவந்த கேமராவை ஆவிக்குள் திறந்தால் லென்ஸ் வியர்த்துவிடும், துடைக்கத் துடைக்க மூடும். பையைத் திறக்காமல் கொட்டகை ஓரத்தில் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். ஆவிக்கு நடுவில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். கொப்பரையின் விளிம்பில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சட்டகம் முழுக்க வெள்ளை ஆவி என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 கூட்டுங்கள். அடுப்பு வாயும் உள்ளே வந்தால் -1. கேமராவோடு வரும் 18-55 லென்ஸே போதும். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வைக்கத் தயங்க வேண்டாம், புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் படம் படம்தான். துடுப்பு சுழல்வது தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/30 நொடி. கையை நிறுத்திப் பிடிக்க 1/250. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி மட்டும் ஓர் அடிகூட நகராதீர்கள். தரை வழுக்கும், கொதிக்கும் பாகு பக்கத்திலேயே இருக்கிறது.

ஐந்து முறை போயும் நான் நெருப்பைத்தான் எடுத்தேன். எடுத்த எவரையும் அது ஏமாற்றும், அவ்வளவு அழகு. ஆறாவது முறைதான் கொப்பரைக்காரரின் கையைக் கவனித்தேன். பக்கத்துக் குண்டாவில் விரல்களை நனைக்கிறார். துடுப்பில் ஒட்டிய பாகில் துளி எடுத்துத் தண்ணீரில் விடுகிறார். அது உருளுகிறதா என்று விரல் நுனியில் உருட்டிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் அவர் கண் பாகின் மேல் இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மொத்தமும் விரலில் இருக்கிறது. மூன்று நொடிகூட இராது. அவர் “போதும்” என்று சொன்னால் கொட்டகையே ஓடத் தொடங்குகிறது.

கேட்டுவிட்டு எடுங்கள். “அண்ணா, உங்கள் கையை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்றேன். “முகத்தை விட்டுவிட்டுக் கையை எதற்கு எடுக்கிறீர்கள் கண்ணு?” என்றார். இரண்டையும் எடுத்தேன். சக்கை அள்ளும் பெண்கள் வேண்டாம் என்றார்கள், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை.

ஆலை ஓடாத மாதங்களில் என்ன செய்வது என்றால், எனக்கு ஒரு கன்று இருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாத வாக்கில் நிறம் மாறி மயிலையாகும், அதாவது சாம்பல் நிறமாகும். அம்மாயி வீட்டுக் கட்டுத்தறியில், அதே கிளுவை வேலியைப் பின்னால் வைத்து, ஞாயிறுதோறும் ஒரு படம் எடுக்கிறேன். மாடு வளர்க்கும் வீடு பக்கத்தில் இருந்தால் நீங்களும் தொடங்கலாம்.

எடுத்த படத்தைக் கட்டாயம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் காட்டினால் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். தாளில் கொடுத்தால் படிப்பார்கள். கொப்பரைக்காரர் என் பிரிண்டை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“கை நன்றாக விழுந்திருக்கிறது கண்ணு. ஆனால் இந்தப் பாகு இன்னும் பதத்துக்கு வரவில்லை. நான் முதல் தடவை பார்த்தபோது எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது தடவைதான் சரியாக இருக்கும். அடுத்த கொப்பரை இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.”

அன்று கடைக்குப் பத்தரை மணிக்குத்தான் போனேன்.