பூட்டிய வீட்டில் விளக்கு எரியாவிட்டால்: வெளிநாட்டிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு

பல வருடம் பூட்டிக் கிடந்த அம்மாப்பேட்டை வீட்டைத் திறந்ததும் கை தானாகச் சுவிட்சைத் தேடும். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று கைக்கு மறக்காது. விளக்குதான் எரியாது. உடனே போர்டைக் கழற்றாதீர்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளாக இருந்தால் காலையில் போன கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும். பில் பாக்கி இருந்தால் லைனை வெட்டியிருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள்.

நம் ஊர் ஒயரிங்கில் வெளிநாட்டு நிறக் கணக்கு செல்லாது. பழைய வீடுகளில் சிவப்பு பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்), பச்சை எர்த். மூன்று பேஸ் வரும் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ். லண்டனிலிருந்து வருபவர் நீலத்தை நியூட்ரல் என்று நினைத்துத் தொடுவார். டொரண்டோவிலிருந்து வருபவர் கறுப்பைப் பேஸ் என்று நினைத்து அதைச் சுவிட்சில் மாட்டுவார். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தால் விளக்கு எரியும், அணையும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக். அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நியான் டெஸ்டர், ஏ.சி. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப் மூன்றும் வேண்டும். டெஸ்ட் லேம்ப் என்பது ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பும் இரண்டு ஒயரும், அவ்வளவுதான். டெஸ்டரை முதலில் கரண்ட் வருகிற ஒரு பாயிண்டில் வைத்துப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். அதையும் அணைக்காமல் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது.

வேறு பல்பு மாட்டியும் எரியவில்லையா? மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, போர்டைத் திறந்து, மறுபடி கரண்ட் விட்டு, டெஸ்டர் முனையால் மட்டும் தொட்டுப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் அதன் இரண்டு முனைகளில் ஒன்றில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும், போட்டால் இரண்டிலும். போட்ட பிறகும் ஒன்றில்தான் எரிகிறதென்றால் உள்ளே காண்டாக்ட் போய்விட்டது. 6 ஆம்பியர் சுவிட்ச் புதிது மாட்டுங்கள், தீர்ந்தது. எதிலும் எரியவில்லை என்றால் பீஸைப் பாருங்கள். இரண்டிலும் எரிந்து, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஹோல்டரின் பித்தளைக் குச்சி கறுத்து ஸ்ப்ரிங் இறுகியிருக்கலாம். அதுவும் சரியென்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. இதில் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஏமாற்றும். அறுந்த ஒயரிலும் 40, 80 வோல்ட் என்று பொய்க் கணக்குக் காட்டும். டெஸ்ட் லேம்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தால் உண்மை தெரியும்: எரியாவிட்டால் நியூட்ரல் அறுந்திருக்கிறது.

பூட்டிய வீட்டில் நியூட்ரல் ஏன் கருகி அறுந்துபோக வேண்டும்? ஆளில்லாத வீட்டில் லோடே இருக்கக் கூடாதே. பீஸ் கேரியரை, அதாவது பீஸ் கம்பி கட்டும் கட்டையை, கழற்றிப் பாருங்கள். 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் பீஸ் கம்பி போதும். அங்கே நாலு இழை செம்புக் கம்பி முறுக்கியிருந்தால், உங்கள் விளக்கு லைனில் யாரோ பெரிய லோடு ஓட்டுகிறார்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இ.பி. மீட்டரைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மினுக்கினால் கரண்ட் எங்கோ போகிறது. மெயினை அணைத்ததும் நின்றால் லைன் உங்கள் போர்டிலிருந்து போகிறது. அப்போதும் மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் எடுத்திருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள், இ.பி. ஆபீசில் சொல்லுங்கள்.

சேலத்தில் இது பெரும்பாலும் பின்கட்டில் சித்தப்பா வீட்டுக் கொலுசுப் பட்டறைக்குப் போகும் லைனாக இருக்கும். அரை எச்.பி. பாலிஷ் மோட்டார் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் அதைத் தாங்கிவிடும். கையால் முறுக்கி டேப் சுற்றிய பழைய ஜாயிண்ட் தாங்காது. சூடாகும், தளரும், கருகும். பேஸை ஒரு சர்க்யூட்டிலும் நியூட்ரலை வேறொன்றிலும் எடுத்திருந்தால் இன்னும் மோசம். விளக்கு பீஸைக் கழற்றிவிட்டு நியூட்ரலைப் பிரித்தால்கூட மோட்டார் வழியாக வரும் கரண்ட் கையில் அடிக்கும். அதனால் தனி பீஸ் போதாது, மெயினையே அணைக்க வேண்டும். மூன்று பேஸ் வீட்டில் பொது நியூட்ரல் அறுந்தால் சில விளக்குகள் கண் கூச எரியும், சில மங்கும். அந்த நொடியே மெயினை அணையுங்கள். தாமதித்தால் டி.வி., பிரிட்ஜ் எல்லாம் போகும்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி ஓர் இடத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு இடத்துக்கு எடுப்பது அனுமதியற்ற பயன்பாடு. இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், இணைப்பு உங்கள் அப்பா பெயரில் இருந்தாலும். இதைச் சித்தியிடம் சொன்னால் வரும் பதிலையும் சொல்லிவிடுகிறேன்: “ஏப்பா, வருசம் பூரா வாசல் கூட்டறது நாங்க, வெள்ளிக்கிழமையான வெளக்கு வெக்கிறது நாங்க. ஒரு மோட்டாருக்குக் கணக்கு பாக்கறயா?” அதற்கு மறுபேச்சு கிடையாது, ஏனென்றால் அது உண்மை. முதல் நாளே ஒயரை வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால் அடுத்த பத்து வருடக் கல்யாணங்களில் அது பேசப்படும். கருகிய ஜாயிண்டை வெட்டி எடுத்து கனெக்டர் போட்டுச் சரிசெய்யுங்கள், மோட்டாரை அதுவரை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு சித்தப்பாவை உட்காரவைத்து அவர் பெயரில் தனி இணைப்புக்கு விண்ணப்பம் போடுங்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டண வகை இருக்கிறது. செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். “இன்னொரு லைன் இழுத்துக் குடு” என்று கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

வீடு ஏற்காட்டில் என்றால் பகை பனியும் ஈரமும்தான். வெளிச்சுவர் போர்டில் ஸ்க்ரூ துருப்பிடிக்கும், கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. விடியற்காலையில் விழும், மதியம் தூக்கிவிட்டால் விழாமல் நிற்கும். இரும்புப் பெட்டியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள், பித்தளை ஸ்க்ரூ போடுங்கள், ஒயர் வரும் பைப்பின் வாயை அடைத்துவிடுங்கள்.

போர்டு மாற்றும்போது பழைய பலகையில் அப்பா பெயிண்டில் எழுதிய ‘வராண்டா’, ‘பூஜை’ எழுத்து இருந்தால் அதைக் குப்பையில் போட விடாதீர்கள். கிளம்பும் நாளில் மெயினை அணைத்துவிட்டும் போகாதீர்கள். வராண்டாவுக்கும் பூஜை அறைக்கும் தனி 6 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டு, மற்றதை மட்டும் அணைத்துவிட்டு, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று சித்தியைக் கூட்டிவந்து காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.